தொடக்கத்துக்கு முன்னால் இருந்த குரல்

அந்த ஆபீசில் அவளுக்கு 'என்னாகும் அக்கா' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யார் எழுதிய கணினி நிரலைக் கொண்டுபோய்க் காட்டினாலும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்து, "இது காலியா இருந்தா என்னாகும்?" என்பாள். விரல் அடுத்த வரிக்கு நகரும். "இதை ரெண்டு தடவை அழுத்தினா என்னாகும்?" எழுதியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். மாப்பிள்ளையிடமும் இப்படித்தான் கேட்டிருப்பாள், அதனால்தான் கல்யாணம் நடக்கவில்லை என்று போகிற வழியில் ஒரு கிண்டலும் நடக்கும். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். வேறு என்ன செய்ய?

உண்மையில் மாப்பிள்ளை என்று ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்க அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை. அப்பா போனபோது மூத்தவள் சம்பாதித்தாக வேண்டியிருந்தது. தம்பியைப் படிக்கவைத்தாள். தங்கையைக் கட்டிக்கொடுத்தாள். தம்பிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவைத்தாள். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது, பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் மனைவியைப் பறிகொடுத்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தேவை பெண்டாட்டி இல்லை, சமையல்காரி என்று சொல்லி அம்மா வாசலோடு அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு அம்மாவும் அவளுமாகப் பல வருஷம் ஓடிற்று. பிறகு அம்மாவும் போய்விட்டாள்.

தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். தங்கை தன் பிள்ளைகளை இழுத்துவந்து, பெரியம்மாவுக்கு ஹலோ சொல்லு என்பாள். தம்பி தன் பிள்ளைகளிடம், அத்தைக்கு ஹலோ சொல்லு என்பான். பிள்ளைகள் ஹலோ சொல்லிவிட்டு ஓடிவிடும். அவர்களைக் குறை சொல்வானேன்? ஃபோனுக்குள் இருக்கும் அத்தையிடம் எந்தக் குழந்தைதான் என்ன பேசும்?

அவள் வேலை பார்த்த கம்பெனி பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு நீளமான ஹால், ஜன்னல் ஓரத்தில் ஒயர்களைப் பற்றவைக்கும் சாலிடர் நாற்றம் அடிக்கும் ஒரு மேஜை, மூலையில் டீ மெஷின். அங்கே செய்த பொருள் ஒன்றே ஒன்று. சுவரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கானது. அதோடு சேர்ந்த பொத்தானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ பொத்தானை அழுத்தினால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் ஓடிவருவார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு தனித் திறமை உண்டு. அது எப்போதும் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் கடைசி அரை நிமிஷத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும், அதற்கு முந்தையதை மறந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் அந்த அரை நிமிஷத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். விழுந்த சத்தமா, இருமலா, அடுப்பில் ஏதாவது வெடித்ததா என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பின்னோக்கிப் போய் அந்த அரை நிமிஷத்தை எடுத்துவரும் பகுதியை எழுதியது அக்கா. கம்பெனியே அதைச் சொல்லித்தான் பெட்டியை விற்றது.

ஒருநாள் காலை டீம் லீடர் அவள் மேஜைக்கு வந்தான். அவள் தம்பியைவிடச் சின்னவன்; நல்ல பையன், எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பறப்பவன். சின்ன வேலைதான் அக்கா, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். விஷயம் அவ்வளவு சின்னதாக இல்லை.

ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெரியவர். முன்பு லாரி ஓட்டியவர். மகன் வேறு ஊரில் இருப்பதால், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸை வைத்திருந்தான். ஒரு சாயங்காலம் பெரியவர் விழுந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். பெட்டி அனுப்பிய பதிவைக் கட்டுப்பாட்டு அறை மகனுக்கும் அனுப்பியது. அதைக் கேட்டு மகன் கொதித்துப்போய் நர்ஸை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினான். அவளை அனுப்பிய ஏஜென்சி தன் பட்டியலிலிருந்து அவள் பேரை அடித்துவிட்டது. அவளோ தான் எதுவுமே சொல்லவில்லை, இது தன் குரலே இல்லை என்று சாதிக்கிறாள். மகன் போலீசுக்குப் போகப்போகிறான். பதிவு பெட்டியிலிருந்து வந்ததுதான், யாரும் வெட்டி ஒட்டவில்லை என்று அந்தப் பகுதியை எழுதியவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லீடர் பதிவை ஓடவிட்டான். பக்கத்து மேஜைக்காரர்களும் காதைக் கொடுத்தார்கள். முதலில் ஒரு பெண்ணின் குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து. "எத்தனை தடவை சொல்றது? தட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திரு. சாப்பிடு. இப்படியே உட்கார்ந்து ஒருநாள் செத்துக் கிடந்தாக்கூட, நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது." தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு திடீரென்று ஏதோ உருளுகிறது, ஓர் ஆண் முனகுகிறார். ஒரு பெண், "ஐயா, விழுந்துட்டீங்களா" என்று ஓடிவருகிறாள். அதோடு முடிந்தது.

இப்படியும் ஒரு பொம்பளையா என்று பக்கத்து மேஜைப் பெண் முகத்தைச் சுளித்தாள். திட்டிவிட்டுத் தள்ளியும் விட்டிருக்கிறாள், அப்புறம் நல்லவள் மாதிரி ஓடிவருகிறாள் பார் என்றார் இன்னொருவர். அக்காவுக்கும் கோபம் வந்தது. நாளைக்குத் தனக்கும் முடியாமல் போனால் இந்த மாதிரி ஒருத்தியிடம்தானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. "இவளைச் சும்மா விடக்கூடாது" என்றாள். அக்கா இப்படிக் கடுமையாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

அந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். பேனாவையும் எடுத்துவிட்டாள். தடுத்தது அவளுடைய பாழாய்ப்போன பழக்கம்தான். எழுதிக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெட்டி அன்றைக்கு என்ன செய்தது என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியது. பெட்டி எப்போது விழித்தது, எப்போது தூங்கியது என்பதெல்லாம் அவளால் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடியும்.

பார்த்தாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் கரண்ட் போயிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த பேட்டரி செத்துப்போயிருந்ததால் பெட்டியும் அணைந்துவிட்டது. இருட்டில் பெரியவர் எழுந்து தடுமாறியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து, பெட்டி விழித்து, சில விநாடியில் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறந்து எட்டு விநாடிதான் ஆன பெட்டி அரை நிமிஷக் கதையை எப்படிச் சொல்லும்?

கேள்வி வந்துவிட்டது. இனி அது விடாது. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனபோது, வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, தான் எழுதிய பழைய நிரலைத் திறந்தாள்.

பெட்டியின் நினைவகத்தில் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அதற்கு பஃபர் என்று பேர். கேட்ட சத்தமெல்லாம் அதில் முதல் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய் உட்காரும். வரிசை நிறைந்ததும் மறுபடி முதலிலிருந்து, பழைய சத்தத்தின் மேலேயே. தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்ற கணக்குக்கு ஆஃப்செட் என்பார்கள். அரை நிமிஷம் பின்னால் போக, விழித்ததிலிருந்து கடந்த மொத்த இடங்களின் எண்ணிக்கையிலிருந்து அரை நிமிஷத்துக்கான இடங்களைக் கழிக்க வேண்டும். வரிசை ஒரு சுற்று வந்திருந்தால் வம்பில்லை. ஒரு சுற்றுக்கூட முடியாதபோது கழித்தால்? எட்டிலிருந்து முப்பதைக் கழித்தால் என்ன வருமோ அதுதான் வரும். பூஜ்யத்துக்கும் கீழே. தெருவின் மூன்றாவது வீட்டிலிருந்து பின்பக்கமாகப் பத்து வீடு தள்ளிப் போ என்றால், சொன்னதைச் செய்கிற முட்டாள் பக்கத்துத் தெருவுக்குள் போய் யார் வீட்டுக் கதவையாவது தட்டுவான். கணினியைவிடச் சொன்னதைச் செய்கிற முட்டாள் உலகத்தில் கிடையாது.

ஆஃப்செட் வரிசையின் கடைசியைத் தாண்டுகிறதா என்று அக்கா பார்த்திருந்தாள். அதற்கு ஒரு வரி எழுதியிருந்தாள். தொடக்கத்துக்கு முன்னால் போகிறதா என்று பார்க்கவில்லை. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் என்னாகும் என்னாகும் என்று கேட்டவள், தன் கழித்தல் குறியிடம் மட்டும் கேட்கவில்லை. பெட்டி விழித்த அரை நிமிஷத்துக்குள் யார் பொத்தானை அழுத்தப்போகிறார்கள் என்று அப்போது நினைத்திருப்பாள். இருட்டில்தான் மனுஷன் தடுமாறுவான், வெளிச்சம் வந்ததும்தான் பொத்தானைத் தேடுவான் என்பது அந்த நீளமான ஹாலில் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, தொடக்கத்துக்கு முன்னால் இருப்பது என்ன? யாருடைய வீடு அது? நினைவகத்தில் எதெது எங்கே உட்காருகிறது என்ற வரைபடத்தை எடுத்தாள். பஃபருக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருந்தது சோதனைப் பேச்சு. பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தன் காது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள, ஒரு மாதிரிப் பேச்சை அங்கே ஏற்றிவைத்துக்கொள்ளும்.

அதைப் பார்த்ததும் அவள் காலி ஹாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். பெட்டி தயாரான புதிதில், ஒரு வீட்டில் ஒரு மனிதர் கொஞ்சம் தள்ளி இருந்து இயல்பாகப் பேசுகிற பதிவு வேண்டும் என்றார்கள். ஆளாளுக்குத் தட்டிக் கழித்தார்கள். ஒருவருக்கு மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள், ஒருவருக்குக் குழந்தைகள் கத்தும். கடைசியில், உங்கள் வீட்டில்தான் தொந்தரவு பண்ண ஆளில்லையே அக்கா என்று அவள் தலையில் கட்டினார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, செய்தித்தாளை எடுத்து ஒரு பத்தியைக் கூச்சத்தோடு உரக்க வாசித்தாள். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். சோதனைக்கு வேண்டியது முதல் பத்து விநாடிதான். மிச்சத்தை யாரும் வெட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வேலை முடிந்தால் சரி என்று இருந்துவிட்டார்கள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கடைசிவரை ஓடவிட்டாள். செய்தித்தாள் மடிக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் குரல். "எத்தனை தடவை சொல்றது? தட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திரு. சாப்பிடு."

தன் குரல் தனக்கே தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அது தெரியாது. நமக்கு நம் குரல் மண்டைக்குள்ளிருந்து கேட்கிற குரல். சின்னப் பெட்டிக்குள் அடைபட்டு வரும்போது யாரோ போலத்தான் இருக்கும். தினமும் தனக்குச் சொல்கிற வார்த்தையும் இன்னொருத்தி ஒரு பெரியவரைத் திட்டியதாக வரும்போது அடையாளம் தெரியாது; அவள் அதட்டிக் கேட்டிராத ஆபீஸ்காரர்களுக்கும் பிடிபடவில்லை. ஆனால் அவள் வீட்டுக் குழாய் அவளுக்குத் தெரியும். எத்தனை முறை மூடினாலும் இரண்டு சொட்டு சேர்ந்தாற்போல் விழுந்து, நின்று, மறுபடி இரண்டு விழும்.

அம்மா இருந்தவரை அந்தச் சமையலறையில் திட்டுக்குப் பஞ்சமில்லை. கொறிக்காதே, ஒழுங்காகச் சாப்பிடு, ஆறுது பார் என்று மகள் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்வரை ஓயமாட்டாள். அம்மா போனபின் மேஜையில் சத்தமே இல்லை. தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், சாப்பாடு ஆறிப்போகும். அப்படி ஒருநாள் யாரோ அதட்டினார்கள். அதட்டியது அவளேதான். அன்றைக்குத் தட்டு காலியானது. அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. முதல் பாதி அம்மா சொல்வது. அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவுடையது இல்லை. அது அவள் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். தனக்குத்தானே பேசிக்கொள்ளாதவர் யார்? ஆனால் அதை ஒரு ஹால் நிறைய ஆட்கள் கேட்டு முகத்தைச் சுளித்ததும், இவளைச் சும்மா விடக்கூடாது என்று அவளே சொன்னதும் எல்லோருக்கும் நேர்வதில்லை.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தெய்வப் பிறவி ஒன்றும் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றும் மனசு ஓடியது. யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு, முகம் தெரியாத அந்த நர்ஸ் இந்த நேரம் எந்த வீட்டுக் கதவைத் தட்டி என்ன பதில் வாங்கிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தாள். தன்னுடைய வார்த்தைக்கு இன்னொருத்தி சோற்றுக்கு அலைகிறாள். அந்த நினைப்புக்குப் பிறகு பேனாவைத் தொட முடியவில்லை.

லீடரிடம் பிழையைச் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது பதிவில் இருக்கிற குரல் யாருடையது என்று கேட்டான். ஏதோ ஒரு சோதனைக் குரல் என்று அக்கா மென்று விழுங்கினாள். பாதி உண்மையைச் சொன்னால் போதும், மீதியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷம் நம்பினாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரியவரின் மகனைக் கூப்பிட்டுச் சொன்னான். மகன் நம்பவில்லை. உங்கள் பெட்டியின் பேரைக் காப்பாற்ற ஏஜென்சியோடு சேர்ந்து கதை கட்டுகிறீர்கள் என்றான். செத்துக் கிட என்று எந்தக் கம்பெனியாவது சோதனைக்குப் பேசிப் பதிவு செய்யுமா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கடைசியில், நேரில் வந்து பெட்டியிலேயே செய்து காட்டுகிறோம் என்று லீடர் ஒப்புக்கொண்டான்.

பெரியவர் வீடு ஒரு சந்தின் கோடியில், தரைத்தளத்தில் இருந்தது. முன்னறையில் ஒரு கட்டில், பிளாஸ்டிக் நாற்காலிகள், மருந்து டப்பா, கைப்பிடி வைத்த ஊன்றுகோல். பெரியவர் நெற்றியில் பிளாஸ்திரியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வில்லன் மாதிரி ஆள் இல்லை; அப்பாவைத் தூரத்தில் விட்டுவிட்டு இருப்பவனுக்கு வரும் குற்ற உணர்ச்சி எல்லாம் கோபமாக மாறிப்போன சாதாரண மனிதன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியும், பயத்தில் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டான். ஏஜென்சி மூலமாக வரவழைத்திருந்த நர்ஸ் கதவோரமாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். பச்சை விளக்கு வந்ததும் பெரியவரிடம் பொத்தானை வாங்கி அழுத்தினாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பதிவு திரும்பி வந்தது. லீடர் ஃபோனில் ஓடவிட்டான். எத்தனை தடவை சொல்றது என்று ஆரம்பித்து, அதே குரல், அதே வார்த்தை, அதே குழாய்ச் சொட்டு. அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நர்ஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லீடர் நிம்மதியாக மூச்சுவிட்டான். ஆனால் மகன் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் முட்டாள் இல்லை. "இது என்ன காட்டுது? என்னைக்கோ இவங்க திட்டினது உள்ளே தங்கிப்போச்சு. நீங்க தட்டுறப்போ எல்லாம் வெளியே வருது. அவ்வளவுதானே?"

லீடர் அக்காவைப் பார்த்தான். நர்ஸும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. எப்படியும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என் தலையில்தான் முடிப்பீர்கள் என்று தெரிந்தவளின் பார்வை.

"அது என் குரல்" என்றாள் அக்கா.

மகன் நம்பாமல் பார்த்தான். லீடர், அக்கா என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். அக்கா பெட்டியைப் பார்த்து நின்றபடி, கைகளைக் கோத்துக்கொண்டு, அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை தடவை சொல்றது. தட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திரு. முதலில் குரல் எழும்பவில்லை. பாதிக்கு வந்ததும் நாக்குக்கு வழி தெரிந்துவிட்டது, தினமும் சொன்னதுதானே. செத்துக் கிடந்தாக்கூட என்று அவள் சொன்னபோது அது பதிவில் இருந்ததேதான், ஒரு இழுப்புக்கூட மாறவில்லை. நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது என்று முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மகன் குரல் இறங்கிவிட்டது. "யாரைத் திட்டினீங்க?"

"என்னைத்தான். வீட்டுல வேற யாரும் இல்ல."

பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாரியில் தனியாகப் போகிறவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டேதான் போவார்கள், நானும் ராத்திரியெல்லாம் எனக்கு நானே பேசித்தான் முழித்திருந்தேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார். பிறகு மகனைப் பார்த்து, இப்போதாவது அந்தப் பொண்ணை உட்காரச் சொல்லு என்றார்.

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் சரியாக வரவில்லை. ஏஜென்சியிடம் தானே பேசுகிறேன், விட்ட நாட்களின் சம்பளத்தையும் தருகிறேன், மறுபடி வந்துவிடுங்கள் என்று சுற்றிவளைத்தான். நர்ஸ் உட்காரவில்லை. நேராகப் பெரியவரிடம் போய், பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, இதை யார் இப்படி ஒட்டியது என்று கடிந்துகொண்டாள். அவர் பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவும் லீடரும் கிளம்பியபோது நர்ஸ் வாசல்வரை வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"அந்த வார்த்தையை என் வாயில வச்சு என்னைத் துரத்தினாங்க" என்றாள். "எங்க அம்மாகூட நான் சொல்லியிருப்பேனோன்னு ஒரு நிமிஷம் பார்த்தாங்க. எனக்கு அது இன்னும் ஆறல."

அக்கா தலையை ஆட்டினாள்.

உள்ளே திரும்பப்போன நர்ஸ் நின்றாள். "தினமும் சொல்லுவீங்களா?"

"அநேகமா."

"சொல்லாதீங்க. கேட்கவே நல்லா இல்ல."

மறுநாள் அக்கா நிரலைத் திருத்த உட்கார்ந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துவிடலாமே, ஒரே வரியில் முடிந்துவிடும் என்றான் லீடர். அது போதாது என்றாள் அக்கா. அப்படிச் செய்தால் எட்டு விநாடிச் சத்தம் அரை நிமிஷம் என்ற முத்திரையோடு போகும்; கேட்பவர்கள் அதுதான் முழுக்கதை என்று நினைத்துக்கொள்வார்கள். கழித்துவிட்டுப் பார்ப்பதும் தப்பு, கழிக்கும் முன்பே கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருப்பதை மட்டும் கொடுத்து, இதற்கு முன்னால் பதிவு இல்லை என்று பெட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதையே எழுதினாள். சோதனைப் பேச்சையும் மாற்றினார்கள். ஆபீசிலேயே எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு வரி பேசினார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. நீங்களும் ஒரு வரி பேசுங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டபோது, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள்.

விஷயம் லீடர் மூலம் பரவ, ஆபீசில் எல்லோரும் அவளிடம் ரொம்ப நல்லவர்களாக ஆகிவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் அவளுக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்தார்கள். பக்கத்து மேஜைப் பெண் அவள் டப்பாவை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள். என்னாகும் அக்கா என்று கிண்டல் பண்ணவும் யாருக்கும் வாய் வரவில்லை. அவள் ஒரு வரியில் விரலை வைத்து, இது காலியாக இருந்தால் என்னாகும் என்று கேட்டால், பார்த்துச் சரிபண்ணிவிடுகிறேன் அக்கா என்று பணிவாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

புது நிரல் எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ சுவர்களில், எத்தனையோ கட்டில்களுக்கு மேலே, யாருக்கும் தெரியாமல் கிடந்த அவள் குரல் ஒரே நாளில் அழிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழாய் சொட்டியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தவள் நிமிர்ந்து, முன்பு பெட்டி மாட்டிய சுவரைப் பார்த்தாள். அங்கே பெட்டியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் வாய் கூசியது. வாசலில் நின்ற நர்ஸின் முகம் ஞாபகம் வந்தது. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு மட்டுமில்லை, மறுநாளும் அப்படித்தான். பாதித் தட்டு அப்படியே ஆறிக் கிடந்தது. சாப்பிடு என்று அதட்ட அந்த வீட்டில் இருந்தவள் ஒருத்திதான். அவளும் இப்போது பேசுவதில்லை.